ஐந்து பவுண்ட் வரைபடமும் பன்னிரண்டு இருக்கைகளும்

1765-இல் லண்டனில் ஒரே வீட்டுக்காக எழுதப்பட்ட இரண்டு பில்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்று கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் அனுப்பியது. வரவேற்புக் கூடத்துக்கு சோபா, நாற்காலி வடிவமைத்துத் தந்ததற்கு 5 பவுண்ட். மற்றது தாமஸ் சிப்பண்டேல் பட்டறையிலிருந்து வந்தது. எட்டுப் பெரிய கைவைத்த நாற்காலிகளுக்கு 160 பவுண்ட், நான்கு பெரிய சோபாக்களுக்கு 216 பவுண்ட். கூட்டினால் 376.

ஆக, யோசித்து வரைந்தவருக்கு 5, செய்து கொடுத்தவருக்கு 376. அந்தக் கூடத்தின் ஒரு நாற்காலி 20 பவுண்ட் என்றால், அதை முதலில் மனதில் கண்டவருக்குக் கிடைத்தது கால் நாற்காலிக் காசு.

நான் மரச்சாமான் பட்டறைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவன். இந்தக் கணக்கை முதலில் படித்தபோது வயிறு எரிந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விஷயத்துக்குள் போகப்போக எரிச்சல் வேறு திசைக்குத் திரும்பியது. அந்த 5 பவுண்ட் தாளில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று பார்ப்பதுதான் இங்கே என் வேலை. நியோகிளாசிக்கல், அதாவது கிரேக்க, ரோமக் கலையைப் பின்பற்றிய பாணி, வரைபடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் அழகைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒரு வரைபடம் பட்டறைக்குள் நுழைந்து சாமானாக வெளியே வருவதை இரண்டு முனையிலும் பிடித்துப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். இந்த ஒரு வேலையில் அது கிடைத்திருக்கிறது.

வீட்டுக்காரர்

சர் லாரன்ஸ் டண்டாஸ், எடின்பரோவில் துணி வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளை. ராணுவத்துக்குச் சரக்கு சப்ளை செய்து, அதிலும் ஏழாண்டுப் போரில், பெரும் பணம் சேர்த்தவர். இந்தியாவுக்கு வந்து சுருட்டிக்கொண்டு திரும்பியவர்களை அப்போது லண்டனில் 'நவாப்' என்று கேலி செய்வது வழக்கம். இவர் இந்தியாவில் பணம் பண்ணியவர் அல்ல, ஆனாலும் 'வடக்கின் நவாப்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1762-இல் பேரனட் என்ற பரம்பரைப் பட்டம். அடுத்த வருடமே லண்டன் ஆர்லிங்டன் தெருவில் 19-ஆம் எண் வீடு, ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் மூர் பார்க், யார்க்‌ஷயரில் ஆஸ்க் ஹால் என்ற மாளிகைகள். கையில் புதுப்பணம், போதாததற்குப் புதுப் பட்டம். வீட்டுக்குள் வருகிறவன் வாய் பிளக்க வேண்டும் என்ற அவசரம் இருக்கத்தானே செய்யும்? லண்டனில் பேர் பெற்ற சாமான் பட்டறைகள் பலவற்றுக்கும் அவர் ஒரே காலத்தில் ஆர்டர் கொடுத்திருக்கிறார். சாமுவேல் நார்மன், வில்லியம் பிரான்ஸ் என்று அந்தப் பட்டியல் போகிறது. அதில் ஒருவர்தான் சிப்பண்டேல்.

கூடத்தை ஆடமின் பில் 'சலூன்' என்று குறிப்பிடுகிறது. நம் ஊர் முடிவெட்டும் கடை அல்ல. விருந்தினரை உட்காரவைத்துப் பேசும் பெரிய அறை.

வரைந்தவர்

ராபர்ட் ஆடம் 1728-இல் ஸ்காட்லாந்தின் கிர்க்கால்டியில் பிறந்தவர். அப்பா வில்லியமும் கட்டடக் கலைஞர். 1754 முதல் 1758 வரை இத்தாலிப் பக்கம் சுற்றினார். ரோமில், பழைய இடிபாடுகளைச் செதுக்கோவியமாக்கிய பிரானேசியோடு பழக்கம். கிளெரிசோ என்ற பிரெஞ்சுக்காரரை வைத்துக்கொண்டு வரையப் பழகினார். 1757-இல் அட்ரியாட்டிக் கடலோரம் இருக்கும் ஸ்பாலாட்டோவுக்கு, இன்றைய குரோவேஷியாவின் ஸ்பிளிட்டுக்கு, ஆட்களோடு போய் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனை இடிபாடுகளை ஐந்து வாரம் அளந்தார். அந்த அளவுகள் 1764-இல் பெரிய புத்தகமாக வந்தன. டண்டாஸ் சோபாவின் வரைபடமும் அதே 1764-ஐச் சேர்ந்ததுதான்.

அந்த வருடத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எரிமலையில் புதைந்த ரோம நகரங்களில் ஹெர்குலேனியத்தைத் தோண்டத் தொடங்கி இருபத்தாறு வருடம், பொம்பெயியில் கைவைத்துப் பதினாறு வருடம். ஜெர்மன் அறிஞர் விங்கல்மானின் பண்டைக் கலை வரலாறு அந்த வருடம்தான் வெளியானது. படித்தவன், பணக்காரன் எல்லோருக்கும் கிரேக்கமும் ரோமும் தலைக்கேறியிருந்தன. ஆனால் சாமான் செய்கிறவருக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. பழைய காலத்துக் கட்டடம் கல்லில் நிற்கிறது, சோபா நிற்குமா? மரச்சாமான் மக்கிப்போயிற்று. ரோமன் எப்படி உட்கார்ந்தான் என்பதைக் கல்சவப்பெட்டிச் சிற்பத்திலும் சுவரோவியத்திலும்தான் தேட வேண்டும். அங்கேயும் மெத்தை வைத்த ஆங்கிலேய சோபா கிடையாது.

எனவே 'பண்டைய பாணி சோபா' என்ற ஒன்றைப் பார்த்துக் காப்பியடிக்க வழியே இல்லை. கோயில் விளிம்பில், தூண் தலையில், கல்சவப்பெட்டியின் ஓரத்தில் இருந்த அலங்காரத்தைப் பெயர்த்து எடுத்து, மரத்தில் செதுக்கத் தோதாகச் சிறுத்து, மனிதன் முதுகு சாய்க்கும் பொருளின் மேல் உட்கார வைக்க வேண்டும். இந்த இடமாற்றம் நடப்பது கல்லிலும் இல்லை, மரத்திலும் இல்லை. நடுவில் இருக்கும் தாளில் நடக்கிறது. 5 பவுண்ட் அதற்குத்தான்.

தாளில் இருந்தது

ஆடம் அலுவலகத்தின் வேலை முறை அவர் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான தாள்களிலிருந்து தெரிகிறது. முதலில் பென்சில் கோடு. நடுவில் ஒரு அச்சுக்கோடு போட்டுக்கொண்டு இரு பக்கமும் சமமாகக் கட்டுவார்கள். வட்டம் வரும் இடத்தில் காம்பஸ் முள் குத்திய புள்ளி அப்படியே இருக்கும். அதன்மேல் பேனா மை. பிறகு தண்ணீர் கலந்த சாயத்தில் மெல்லிய நிழல். ஜமக்காளம், மேற்கூரை, சுவர் என்றால் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று வண்ணமும் ஏறும். தூரத்திலிருந்து பார்க்கும் தோற்றமாக, அதாவது பெர்ஸ்பெக்டிவாக, சாமான்களை வரைவது அபூர்வம். நேர் முன்பக்கம்தான், இன்று நாம் 'எலிவேஷன்' என்கிறோமே, அது. வாடிக்கையாளர் மனம் எதில் விழும் என்று தெரியாதபோது ஒரே தாளின் இடப்பாதியில் ஒரு மாதிரியும் வலப்பாதியில் இன்னொரு மாதிரியும் போட்டுக் காட்டுவது அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த உத்தி. ஒரு தாள் மிச்சம், பேச்சும் மிச்சம்.

இதெல்லாம் ஒருவரே உட்கார்ந்து செய்ததல்ல. ஜார்ஜ் ரிச்சர்ட்சன், ஜூசெப்பே மனோக்கி, அகோஸ்டினோ புரூனியாஸ், ஜோசப் பொனோமி என்று இத்தாலியிலிருந்து அழைத்துவந்தவர்களும் உள்ளூர்க்காரர்களுமாகப் பலர் வெவ்வேறு காலங்களில் அங்கே வரைந்திருக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு ஒன்று போகும், அலுவலகத்தில் ஒன்று தங்கும். தங்கியவைதான் நமக்கு மிஞ்சியிருக்கின்றன.

டண்டாஸ் தாள் ஒரு சோபாவை நேர் எதிரே நிறுத்திக் காட்டுகிறது. முதுகுச் சட்டத்தின் உச்சியில் விசிறிபோல் விரியும் இலைக்கொத்து; ஆங்கிலத்தில் அதை ஆந்தீமியன் என்பார்கள். கிரேக்கக் கோயில் ஓட்டு விளிம்பிலிருந்து வந்த சரக்கு. உட்காரும் பலகைக்குக் கீழே ஓடும் முன்சட்டத்தில் ஸ்பிங்க்ஸ்கள்: பெண் தலை, சிங்க உடல், இறக்கை. (டயோக்ளீஷியன் அரண்மனை முற்றத்தில் எகிப்திலிருந்து கொண்டுவந்த கருங்கல் ஸ்பிங்க்ஸ் ஒன்று இன்னும் படுத்திருக்கிறது. ஐந்து வாரம் அந்த முற்றத்தில் நடந்தவர் ஆடம்.) அவற்றை இணைக்கும் இலை அகாந்தஸ். நம் ஆட்களுக்கு இது அந்நியமாகத் தோன்றும், ஆனால் பிச்சாவரம் சதுப்பில் படகில் போகும்போது ஓரத்தில் முள் விளிம்போடு பளபளவென்று நிற்கும் கழுதைமுள்ளி அதே அகாந்தஸ் இனம்தான். கிரேக்கன் தூண் தலையில் ஏற்றியது அதன் மத்தியதரைக்கடல் பங்காளியை. வளைந்து வளைந்து ஓடும் அந்த இலைச்சுருளுக்குத் தமிழில் புதிதாகப் பெயர் வைக்கத் தேவையில்லை. நம் ஸ்தபதிகள் சொல்லும் கொடிக்கருக்கு என்ற சொல் சரியாக உட்காருகிறது.

அப்புறம், ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த அலங்காரத்தையெல்லாம் மனதுக்குள் உரித்துப் போட்டுவிட்டுப் பார்த்தால் உள்ளே இருக்கும் சோபா புதியதல்ல. கனத்த உடம்பு, வளைந்த கை என்று முந்தைய தலைமுறையின் பெரிய வீட்டு சோபாவேதான். ஆடம் பின்னாளில் கொண்டுவந்த மெலிந்த நேர்க்காலும் முட்டைவடிவ முதுகும் இங்கே இன்னும் வரவில்லை. புது உடை, பழைய உடம்பு. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. 1764-இல் அவருக்குப் பிடிபட்டிருந்தது உடை மட்டும்தான், அதைத்தான் வரைந்தார்.

தாளில் இல்லாதது

சிப்பண்டேலின் பில்லை வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் கதை சூடுபிடிக்கிறது. நாற்காலிகளைப் பற்றி அதில் சொல்லியிருப்பது இது: மிகவும் செழிப்பாகப் பண்டைய முறையில் செதுக்கி, எண்ணெய்ப் பொன் பூசி, உள்ளே திணித்து, உங்களுடைய சொந்த டமாஸ்க் (நெசவிலேயே பூவேலை வரும் துணி) துணியால் போர்த்தி, காலில் வலுவான சக்கரம் வைத்தது.

ஒவ்வொன்றாக எடுப்போம். சக்கரம். ரோமப் பேரரசன் இருக்கைக்கு ஏது சக்கரம்! ஆனால் இவ்வளவு கனமான கட்டையைத் தரையைக் கீறாமல் நகர்த்த வேண்டுமே. பெருக்குகிறவர் கஷ்டம் வடிவமைப்பாளருக்குத் தெரியாது, பட்டறைக்குத் தெரியும்.

துணி. அது வீட்டுக்காரர் தந்தது. துணி வியாபாரக் குடும்பத்துக்காரர் தன் துணியைத் தானே பார்த்து வாங்கியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஒரு சோபாவை எதிரே நின்று பார்த்தால் கண்ணில் படுவதில் பாதிக்கு மேல் துணி. அந்தப் பாதி ஆடம் கையிலும் இல்லை, சிப்பண்டேல் கையிலும் இல்லை.

பொன். இதில் இரண்டு வழி உண்டு. சுண்ணப்பொடியும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சைப் பல தடவை ஏற்றி, அதன்மேல் செம்மண் குழம்பு தடவி, நீரால் நனைத்துத் தங்கரேக்கு ஒட்டி, கல்லால் தேய்த்து மெருகேற்றுவது ஒன்று. கண்ணாடிபோல் மின்னும், ஈரம் பட்டால் போச்சு. எண்ணெய்ப் பசை தடவி, அது பிசுபிசுக்கும் பதத்துக்கு வரக் காத்திருந்து ரேக்கை ஒட்டுவது மற்றது. பளபளப்பு குறைவு, ஆயுள் கெட்டி. பில்லில் இருப்பது இரண்டாவது. பலர் வந்து உட்காரும், கைபடும் சாமானுக்கு அதுவே பொருத்தம். இந்த வழியிலும் அடியில் வெள்ளைப் பூச்சு போட்டிருந்தால், அது ஏற ஏற இலை நரம்பும் இறகு நுனியும் மூடிக்கொள்ளும். காய்ந்தபின் கொக்கி உளி எடுத்து அவ்வளவையும் மறுபடி கீறித் திறக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கூர்மை பாதி மரத்தில் செதுக்கியது, மீதி பூச்சில் கீறியது. தாளில் பேனா ஒரே இழுப்பில் போட்ட இலை நரம்பை இங்கே ஒருவர் இரண்டு முறை போட்டிருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. தாளில் இருப்பது சோபா. ஆனால் ஆர்டரில் பாதிக்கு மேல், எட்டு, நாற்காலி. சோபாவின் முன்சட்டம் நீளமானது; ஸ்பிங்க்ஸ் படுக்கவும் கொடிக்கருக்கு சுருண்டு ஓடவும் இடம் தாராளம். நாற்காலியில் அந்த நீளம் சுருங்கிவிடுகிறது. விகிதம் மாறாமல் சுருக்கினால் ஸ்பிங்க்ஸ் எலி அளவுக்கு ஆகிவிடும், சுருக்காமல் வைத்தால் கொடிக்கு இடமில்லை. எதை விடுவது, எதைக் கிட்டத்தில் இழுப்பது, இரண்டு ஸ்பிங்க்ஸுக்கும் நடுவில் எவ்வளவு மூச்சுவிட விடுவது என்பதையெல்லாம் முடிவு செய்து இன்னொருவர் மறுபடி வரைந்தாக வேண்டும். அந்தத் தீர்மானத்தைச் செதுக்கியவரின் பெயர் பில்லில் இல்லை.

பக்கவாட்டும் தாளில் இல்லை. முன்பக்கத் தோற்றத்தில் நாற்காலியின் கை எவ்வளவு தூரம் பின்னால் போய் எங்கே வளைகிறது என்று தெரியாது. எனக்கு இது தினப்படி அனுபவம். ஒரு முறை கோயில் பாணியில் ஒரு கட்டிலுக்கு முன்பக்கம் மட்டும் வரைந்து, அதில் ரொம்பப் பெருமையோடு, எங்கள் ஆசாரியிடம் நீட்டினேன். அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "தம்பி, முகம் நல்லா இருக்கு. காது எங்கே இருக்குன்னு சொல்லவே இல்லியே?" என்றார். ஒரு பலகையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் பக்கவாட்டை அவரே போட்டார். வேலை முடிந்ததும் அந்தப் பலகை இன்னொரு கட்டிலின் அடித்தட்டாகப் போய்விட்டது. பட்டறை வரைபடங்களின் தலைவிதி எங்கேயும் இதுதான். வாடிக்கையாளருக்குக் காட்டிய அழகான தாள் ஆல்பத்தில் பத்திரமாக இருக்கும். வேலை செய்த கோடு வேலையோடு தேய்ந்துபோகும்.

ஏன் ஒரே முறை

சிப்பண்டேல் வரையத் தெரியாதவர் அல்ல. 1754-இல் அவர் வெளியிட்ட மாதிரிப் புத்தகம்தான் ஆங்கிலேய மரச்சாமான் உலகத்தைப் புரட்டிப் போட்டது. 1762-இல் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. ஆனால் அதில் இருந்தது வளைவும் சுருளும் மிகுந்த ரோக்கோக்கோ, சீனப் பாணி, கோதிக். கிரேக்க, ரோமக் கொடி அப்போது அவருக்குப் புதுப் பாஷை.

பின்னாளில் நாஸ்டல் பிரையரி, ஹேர்வுட் போன்ற வீடுகளில் ஆடம் கட்டடத்தைப் பார்க்க, சிப்பண்டேல் சாமானைப் பார்க்க, இருவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். இருந்தும் ஆடம் வரைந்து சிப்பண்டேல் செய்தது என்று காகித ஆதாரத்தோடு நிற்பது டண்டாஸ் வேலை ஒன்றுதான். ஹேர்வுட் வீட்டுக்கு 1773-இல் சிப்பண்டேல் ஒரு அலமாரி-மேசை கொடுத்தார். டயானா, மினர்வா என்ற இரண்டு தேவதைகளின் உருவம் பதித்தது, விலை 86 பவுண்ட். அசல் நியோகிளாசிக்கல், ஆடம் தாள் இல்லாமலே. என் கணிப்பில், டண்டாஸ் கூடத்துக்குச் செதுக்கிய சில மாதங்களில் அந்தப் பாஷை அவருக்குக் கைவந்துவிட்டது. அப்படிப் பார்த்தால் வீட்டுக்காரர் கட்டிய அந்த 5 பவுண்ட், சிப்பண்டேலுக்கு வேறொருவர் கட்டிய டியூஷன் ஃபீஸ்.

ஆடமுக்கு இதில் நஷ்டமா? அவர் கணக்கு வேறு. கதவுக் கைப்பிடி, சாவித்துளைத் தகடு, மைக்கூடு, ஜமக்காளம், பல்லக்கு நாற்காலி என்று எதையும் விடாமல் வரைந்தவர் அவர். ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்கு ஹார்ப்சிகார்ட் என்ற பியானோ போன்ற பழைய இசைக்கருவியின் கூடு வரைகூட அது போயிற்று. அறையின் மேற்கூரையில் ஓடும் கொடி தரை விரிப்பில் எதிரொலிக்க வேண்டும், அதே கொடி நாற்காலிச் சட்டத்திலும் தொடர வேண்டும். சாமானில் கிடைக்கும் 5 பவுண்ட் அவருக்குச் சில்லறை. அறை முழுவதும் ஒரே கையெழுத்தாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்குக் குறி.

தாள்களின் விலை

1792-இல் ஆடம் காலமானார். அதற்கு முன்பே காற்று திரும்பத் தொடங்கியிருந்தது. 1785-இல் இளவரசரின் லண்டன் மாளிகையான கார்ல்டன் ஹவுஸைப் பார்த்துவிட்டு வந்த எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், இதைப் பார்த்த கண்ணுக்கு மிஸ்டர் ஆடமின் இஞ்சி ரொட்டி வேலையும் எம்பிராய்டரித் துணுக்குகளும் குமட்டும் என்கிற தொனியில் எழுதினார். ஆடம் சகோதரர்களின் கட்டட வியாபாரமும் நொடித்தது. தம்பி வில்லியம் 1801-இல் திவால். 1818-இலும் 1821-இலும் சொத்துகளை ஏலம் போட்டார்கள். வரைபட ஆல்பங்கள் குடும்பத்திடமே தங்கின.

1833-இல் சர் ஜான் சோன் அவற்றை வாங்கினார். அவரும் கட்டடக் கலைஞர், வயது எண்பது. வீட்டையே அருங்காட்சியகமாக நாட்டுக்கு எழுதிவைக்க அதே வருடம்தான் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேற்றிக்கொண்டார். ஆடமின் அலங்காரம் நாற்காலி, மேசை, ஜமக்காளம் எல்லாவற்றிலும் பரவியதையும், அந்தக் கலைப் புரட்சியின் மின்சாரம் எல்லாத் தொழிலாளர்களையும் தொட்டதையும் மாணவர்களுக்கு ஆற்றிய உரையில் வாய்நிறையச் சொன்னவர் அவர். 57 தொகுதிகள், ஏறத்தாழ 9,000 வரைபடங்கள். மொத்தமாகக் கொடுத்தது 200 பவுண்ட்.

ஒரு பவுண்டுக்கு அப்போது 240 பென்னி. 48,000 பென்னியை 9,000-ஆல் வகுத்தால் தாளுக்கு ஐந்தரை பென்னிகூட இல்லை. வடிவமைப்புக் கூலியும் பழைய தாளின் விலையும் ஒன்றல்ல என்பது தெரியும். இருந்தாலும் கை சும்மா இருக்காமல் கணக்குப் போட்டது: டண்டாஸ் கொடுத்த 5 பவுண்டுக்கு 1833-இல் இருநூறுக்கு மேல் ஆடம் வரைபடங்கள் வாங்கியிருக்கலாம். சோபாத் தாளும் அந்தக் கட்டுக்குள்தான் இருந்தது.

இப்போது அந்தத் தாள் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்டில் ஒரு நாற்காலி சவுத் கென்சிங்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் டிக்கெட் கிடையாது. பிக்கடில்லி லைனில் சவுத் கென்சிங்டனில் ஏறினால் ஏழாவது ஸ்டேஷன் ஹோபர்ன். அங்கே இறங்கி நடக்கலாம். வழியில் மூன்றாவது ஸ்டேஷன் கிரீன் பார்க். அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் ஆர்லிங்டன் தெரு. 19-ஆம் எண் வீடு இப்போது இல்லை.